கொல்லாமரத்து முசுறைக் கொளுத்தலாமா?

கேள்வி: பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கரில் 40 கொல்லாமரங்கள் (முந்திரி) நிற்கின்றன. மார்கழியில் துளிரும் பூங்கொத்தும் தீ பட்டதுபோல் கருகிவிடுகின்றன. முசுறு என்கிற, இலை தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பின் கூடு இருக்கும் ஆறேழு மரங்களில் மட்டும் கருகல் இல்லை. ஆனால் கடிக்குப் பயந்து காய் பறிக்க ஆள் கிடைப்பதில்லை. கூட்டைக் கொளுத்திவிட்டு மருந்து அடி என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கொளுத்த வேண்டாம். கருகலுக்குக் காரணம் தேயிலைக் கொசு. இது கடிக்கிற கொசு அல்ல, சாறு உறிஞ்சும் பூச்சி. துளிர், பூக்காம்பு, பிஞ்சு என்று குத்திய இடமெல்லாம் கறுத்துக் காயும். முசுறு பகல் முழுக்கக் கிளைகளில் ரோந்து சுற்றுவதால் இதன் குஞ்சுகள் அதன் வாயில் சிக்கும், வளர்ந்தவை உட்காரவே தயங்கும். உங்கள் ஆறேழு மரங்களே அதற்குச் சாட்சி. சுமார் 1,700 வருஷத்துக்கு முன்பே தென்சீனாவில் ஆரஞ்சு மரங்களுக்காக இந்த எறும்பைக் கூட்டோடு சந்தையில் விற்றிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் முந்திரித் தோப்புகளில் இதை முறையாகவே ஆராய்ந்து பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மற்ற மரங்களுக்கு எப்படிக் கொண்டுபோவது? பலரும் கைக்கு எட்டிய கூட்டை வெட்டி அடுத்த மரத்தில் தொங்கவிடுவார்கள். அதில் பெரும்பாலும் ராணி இருக்காது. வேலைக்கார எறும்புகள் சில மாதத்தில் செத்து மரம் காலியாகிவிடும். அதைவிட நல்ல வழி, கூடுள்ள மரத்திலிருந்து பக்கத்து மரத்துக்குக் கிளையோடு கிளையாகக் கயிறோ மூங்கில் கீற்றோ கட்டிவிடுவது. பாதை கிடைத்தால் அவை தாமாகவே போய் இலை தைத்துக் கூடு போடும். அவசரமென்றால் அதே கூட்டத்தின் இரண்டு மூன்று கூடுகளை அந்தியில் கிளையோடு வெட்டித் துணிப்பையில் கட்டிக் கொண்டுபோய் வைக்கலாம். அப்போதும் கயிற்றுப் பாதை இருக்கட்டும்.

இங்கேதான் பலருக்குச் சறுக்கும். உங்கள் ஆறேழு மரங்களில் ஒரே கூட்டம்தானா, வேறு வேறா என்று முதலில் பாருங்கள். ஒரு மரத்து எறும்பு நாலைந்தைக் குச்சியில் ஏற்றி இன்னொரு மரத்தில் விடுங்கள். மீசையால் தடவிவிட்டுப் போனால் உறவு. காலைப் பிடித்து இழுத்தால் பகை. பகைக் கூட்டங்களுக்குக் கயிறு கட்டினால் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு சாகும். எல்லையில் நிற்கும் மரங்களின் கிளைகள் உரசாதபடி கழித்துவிடுங்கள். புது மரத்தில் வேறு எறும்பு குடியிருந்தாலும் முசுறு நிலைக்காது, முதலில் அதை விரட்ட வேண்டும்.

மருந்தையும் முசுறையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. ஒரு தடவை பூச்சிக்கொல்லி அடித்தால் கூட்டம் போயிற்று. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் காற்று பார்த்து அடிக்கச் சொல்லி வையுங்கள்.

கடி விஷயத்துக்கு வருவோம். கொல்லாங்கொட்டைக்காக மரமேறவே வேண்டாமே! பழுத்து விழுந்ததைப் பொறுக்கினால்தான் பருப்பு திரண்டிருக்கும், விலையும் நிற்கும். ஆள் வைத்துப் பறிப்பதில் பாதி பச்சைக்காய். அடியில் புல்லைச் செதுக்கி வைத்துவிட்டுத் தினமும் பொறுக்குங்கள். கவாத்துக்கு ஏற வேண்டிய நாளில் கை கால்களில் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டால் முசுறு அவ்வளவாக ஏறாது.

ஒரு குறையும் உண்டு. தேன்போன்ற கழிவுக்காக மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் முசுறு காவல் காக்கும். கொஞ்சம் இருந்தால் விட்டுவிடலாம். அப்பிக்கிடக்கும் நுனிக்கிளையை மட்டும் வெட்டி எடுங்கள்.

தண்டுத் துளைப்பானுக்கு முசுறு உதவாது. புழு பட்டைக்குள்ளே இருப்பதால் எறும்புக்கு எட்டாது. அடிமரத்தில் பிசினும் மரத்தூளும் தெரிந்தால் உளியால் பட்டையைச் சீவிப் புழுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தடவுங்கள்.