பீப்பாயில் அழுகிய முட்டை வாடை: பழி எரிமலை மண்ணுக்கு அல்ல

கேள்வி: புடாபெஸ்டில் வேலை பார்க்கிறேன். மனைவி ஹங்கேரியர். ஷோம்லோ மலையில் மாமனாருக்கு ஒரு சிறு திராட்சைத் தோட்டமும் நிலவறையும் இருந்தன. அவர் காலமான பிறகு, சென்ற அக்டோபரில் முதன்முறையாக நாங்களே யுஹ்ஃபார்க், ஒலாஸ்ரிஸ்லிங் திராட்சைகளைச் சேர்த்துப் பிழிந்து வெள்ளை ஒயின் செய்தோம். 300 லிட்டர் ஓக் பீப்பாயை நிரப்பி, மிஞ்சிய 50 லிட்டர் சாற்றை டெமிஜான் என்ற பெரிய கண்ணாடிக் குடுவையில் விட்டோம். பீப்பாயை அதற்கு முந்தைய வாரம் வழக்கம்போல் கந்தகப் பட்டை கொளுத்திச் சுத்தம் செய்திருந்தோம். இப்போது ஜனவரி. பீப்பாயைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. டெமிஜானில் அது அநேகமாக இல்லை. "எரிமலை மண்ணின் ஒயின் அப்படித்தான்" என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். ஒரு தரகர் பீப்பாயில் இருப்பதை அப்படியே பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், காகிதம் எதுவும் தேவையில்லை என்கிறார். விற்றுவிடலாமா, காப்பாற்ற முடியுமா?

பதில்: விற்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இந்த ஒயினைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இந்த வாரமே வேலையைத் தொடங்க வேண்டும்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஒரே மலை, ஒரே கொடிகள், ஒரே நாளில் பிழிந்த சாறு. பீப்பாயில் நாறுகிறது, கண்ணாடியில் நாறவில்லை. மண்தான் காரணம் என்றால் இரண்டும் நாறியிருக்க வேண்டும். ஆகவே பீப்பாயில் இருந்த ஏதோ ஒன்றுதான் காரணம். அது என்னவென்றும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: கந்தகப் பட்டை.

பட்டையைக் கொளுத்திக் கம்பியில் தொங்கவிடும்போது கந்தகம் முழுவதும் எரிந்து புகையாவதில்லை. ஒரு பகுதி உருகிச் சொட்டுச் சொட்டாகப் பீப்பாயின் அடியில் விழுந்து உறைந்துவிடும். மேல் துளை வழியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புதுச் சாற்றை ஊற்றினால், நொதிக்கும் ஈஸ்ட் அந்தக் கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடுகிறது. நீங்கள் முகர்வது அந்த வாயுவைத்தான். சொட்டாத வகைப் பட்டைகளும், அடியில் சிறு கிண்ணம் வைத்த தொங்கு கம்பிகளும் ஒயின் சாமான் கடைகளில் கிடைக்கின்றன. அவை இல்லாவிட்டாலும், சாறு ஊற்றுவதற்கு முன் பீப்பாயை நிறைய தண்ணீர் விட்டு அலசிக் கவிழ்த்திருந்தால் இந்தக் கதி வந்திருக்காது.

முதலில் ஒரு சோதனை. ஒரு சாண் செம்புக் கம்பியை எலுமிச்சைச் சாறு விட்டுப் பளபளவென்று தேய்த்துக் கழுவுங்கள். பீப்பாயிலிருந்து இரண்டு குவளை ஒயின் எடுத்து, ஒன்றில் மட்டும் கம்பியை விட்டுச் சில நிமிடங்கள் சுழற்றுங்கள். பிறகு இரண்டையும் முகர்ந்து பாருங்கள். கம்பி விட்ட குவளையில் முட்டை வாடை போய்ப் பழ மணம் எழுந்தால், நோய் இன்னும் எளிய நிலையில் இருக்கிறது. அந்தக் குவளையைக் குடிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். மாறாக, வெங்காயம், பூண்டு, கருகிய ரப்பர் போன்ற வாடை வந்தால் விஷயம் ஒரு படி முற்றியிருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு நாளாக நாளாக மெர்காப்டன்கள் என்ற வேறு கந்தகச் சேர்மங்களாக மாறும். அவை காற்றுப் பட்டால் டைசல்பைடுகளாகும். டைசல்பைடுகளைச் செம்பு தொடாது. வெங்காய வாடை வந்தால் காற்றுப் படாமல் ஒரு பாட்டில் நிரப்பி நேரே ஒயின் ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கீழே சொல்வது முட்டை வாடைக்கு மட்டும்.

முட்டை வாடைதான் என்றால் ஒயினை வண்டலிலிருந்து பிரித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். நொதித்தல் முடிந்து இவ்வளவு நாளாகியும் தடித்த வண்டலின்மேல் ஒயினை விட்டுவைத்தது வாடையைக் கூட்டியிருக்கும். அந்த வண்டலோடு கந்தகத் துணுக்கும் கிடக்கிறது. குழாயை அடிவரை விடாதீர்கள். கடைசி ஒரு கை உயரத்தை அப்படியே விட்டுவிடுங்கள், அது போனால் போகட்டும். மாற்றும்போது ஒயின் சற்று உயரத்திலிருந்து சிதறி விழட்டும். ஹைட்ரஜன் சல்பைடு எளிதில் ஆவியாகும் பொருள், காற்றில் பெரும்பகுதி போய்விடும். முடிந்தவுடன் 100 லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைத்துச் சேருங்கள். ஹங்கேரியில் எந்தத் தோட்டக் கடையிலும் 'போர்கேன்' என்று கேட்டால் தருவார்கள். அது லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் கந்தக டையாக்சைடு தரும். பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பி மூடி, இரண்டு வாரம் கழித்து முகருங்கள். பலருக்கு இத்துடனேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் என்ற செம்பு உப்பு. இங்கேதான் நான் பதறுகிறேன். உங்கள் மாமனாரின் கொட்டகையில் கொடிகளுக்குத் தெளிக்க வாங்கிய நீலத் துத்தப் பை ஒன்று நிச்சயம் இருக்கும். அதைத் தொடாதீர்கள். அது உணவுத் தரத்தில் இல்லை. அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. செம்புக் குழாய்த் துண்டைக் கயிற்றில் கட்டிப் பீப்பாய்க்குள் இறக்கிவைக்கும் பழைய வழக்கமும் வேண்டாம். ஒயினின் அமிலம் எவ்வளவு செம்பைக் கரைக்கும் என்பதற்கு அதில் கணக்கே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 100 லிட்டருக்கு அதிகபட்சம் 1 கிராம் மயில்துத்தம்; முடிந்த ஒயினில் செம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் அந்த வரம்பில் ஒரு சிறு பங்கே போதும். எவ்வளவு என்பதை ஆய்வகம் சிறு மாதிரிகளில் வெவ்வேறு அளவு விட்டுப் பார்த்துச் சொல்லும். சொன்ன அளவை மட்டும் போடுங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று நினைக்கும் கையைக் கட்டிப்போடுங்கள். கூடுதல் செம்பு நாற்றத்தோடு நல்ல மணத்தையும் கொண்டுபோய்விடும்.

டெமிஜானில் இருக்கும் நல்ல ஒயினைப் பீப்பாயில் கலந்து வாடையை நீர்க்கச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கலந்தால் 350 லிட்டரும் நாறும். டெமிஜான் ஒயினையும் வண்டலிலிருந்து பிரித்து, 5 கிராம் போர்கேன் சேர்த்துத் தனியாக மூடி வையுங்கள். இந்தச் சாறு எப்படி மணக்க வேண்டும் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அதுதான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நல்ல ஒயினை நோயாளி என்று நினைத்து மருந்து கொடுத்தே கெடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நெருப்புக் குச்சி உரசியவுடன் எழுமே, அந்த மணம். இரண்டு சிக்கிமுக்கிக் கற்களை மோதினால் வருமே, அந்த மணம். இதுவும் கந்தகச் சேர்மங்களின் வேலைதான், ஆனால் குறை அல்ல. உலகின் விலை உயர்ந்த வெள்ளை ஒயின்கள் பலவற்றில் இதைத் தேடித்தான் வாங்குகிறார்கள். ஓக் பீப்பாயில், நுண்ணிய வண்டலின்மேல் வளர்ந்த ஷோம்லோ ஒயினிலும் இது வரலாம். முட்டை வாடையையும் இதையும் எப்படிப் பிரித்தறிவது? குவளையில் ஊற்றிக் கால் மணி நேரம் சும்மா வையுங்கள். முட்டை வாடை பழத்தை மூடி அமுக்கும். முதல் முகர்தலிலேயே முகத்தைத் திருப்ப வைக்கும். தீக்குச்சி மணத்துக்கு அடியில் பழம் தெரியும். நேரம் போகப் போக மணம் மெலிந்து, பழம் முன்னால் வரும். அப்படியானால் செம்பும் வேண்டாம், காற்றும் வேண்டாம். மாற்றி ஊற்றிய பிறகு உங்கள் பீப்பாயில் முட்டை வாடை போய் இந்த மணம் மட்டும் மிஞ்சக்கூடும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் துடைத்தெடுக்க மயில்துத்தம் போட்டால் மொட்டையான, முகமில்லாத ஒரு புளிப்புத் தண்ணீர்தான் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் ஒன்றும் செய்யாமல் ஒரு மாதம் பொறுத்து மறுபடி முகருங்கள். வீட்டிலிருந்து இன்னொருவரையும் முகரச் சொல்லுங்கள். ஒரே வாடையில் நின்றுகொண்டிருந்தால் நம் மூக்கு மரத்துவிடும்.

இப்போது பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் அந்தப் பேச்சுதான் மலைக்கு மலை இந்த நாற்றத்தை வாழவைக்கிறது. ஷோம்லோ சமவெளியின் நடுவில் தனியாக நிற்கும் 430 மீட்டர் உயர மலை. ஒரு காலத்தில் அங்கிருந்த பன்னோனியக் கடலின் மணலும் களியும் அடியில்; அதன்மேல் எரிமலைத் துகள் இறுகிய பாறை; உச்சியில் கருங்கல் போன்ற பசால்ட் மூடி. கற்களில் உள்ள கனிமங்கள் வேர் வழியாக ஏறி ஒயினில் சுவையாக இறங்குவதாகச் சொல்வதெல்லாம் விற்பனைப் பேச்சு. ஒயினில் இருக்கும் கனிம உப்புகளின் அளவு மிகக் குறைவு. கல்லின் சுவையை அவற்றிலிருந்து நாக்கு பிரித்தறிய முடியாது. மலை செய்யும் வேலை வேறு. கறுத்த கற்கள் வெயிலை வாங்கி வைத்திருக்கின்றன. சரிவில் மேல்மண் ஆழமில்லை, நீர் தங்குவதில்லை. கொடி குறைவாகக் காய்க்கிறது, புளிப்பும் அடர்த்தியும் கூடிய சாறு கிடைக்கிறது. அதனால்தான் ஷோம்லோவின் இளம் ஒயின் முரட்டுத்தனமாக இருக்கும்; சில ஆண்டுகள் பாட்டிலில் கிடந்த பிறகே வாய் திறக்கும். ஹங்கேரியின் இன்னொரு ஒயின் மலையான பாடாச்சோனும் பசால்ட் மலைதான். புகழ்பெற்ற ஹங்கேரிய ஒயின் பகுதியான டோகாயின் மண் ரயோலைட், ஆண்டசைட் எரிமலைப் பாறைகளிலிருந்து வந்தது. எரிமலை மண் நாறும் என்றால் டோகாய் நானூறு ஆண்டுகளாக எப்படிப் பெயரெடுத்தது?

தரகருக்கு இந்தப் பேச்சு மிக வசதி. "இந்த மலையில் இது சகஜம், யாரும் வாங்க மாட்டார்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்." உங்களிடம் பாதி விலைக்கு வாங்கி, நான் மேலே சொன்னதையே இரண்டு நாளில் செய்துவிட்டு முழு விலைக்கு விற்பார். காகிதம் வேண்டாம் என்று அவர் சொல்வதுதான் அதைவிட மோசம். ஹங்கேரியில் திராட்சைக்கும் ஒயினுக்கும் அந்தந்தப் பகுதி விவசாயிகள் சங்கத்தின் 'ஹெட்யபீரோ' என்ற அதிகாரி பிறப்பிடச் சான்று தருகிறார். சான்றில்லாமல் விற்ற ஒயின் எங்கோ பிடிபட்டால், தரகர் காணாமல் போவார்; தோட்டம் உங்கள் பெயரில் இருக்கும். மாமனார் பெயரில் இருந்த பதிவை மாற்றிவிட்டீர்களா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

இந்த ஏற்பாட்டின்மீது எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. எத்தனை சதுர மீட்டர், எத்தனை கிலோ, எத்தனை லிட்டர் என்று படிவம் படிவமாக எழுதி வாங்குகிறார்கள். ஷோம்லோ என்ற பிறப்பிடப் பெயரைச் சட்டம் காக்கிறது, நல்லது. ஆனால் அந்த மலையின் சிறு தோட்டக்காரர்களில் பலர் வார இறுதியில் மட்டும் வந்துபோகிறவர்கள், பெற்றோரிடமிருந்து தோட்டம் கைக்கு வந்தவர்கள். பீப்பாயை எப்படிக் கழுவுவது என்று அவர்களுக்குச் சொல்ல யார் வருகிறார்கள்? லிட்டரை அளக்க ஆள் இருக்கிறது, முகர்ந்து பார்க்க ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் தரகரும், 'எரிமலை ஒயினுக்கான தனிப் பொடி' விற்கும் கடைக்காரரும் நுழைகிறார்கள். பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். உள்ளே என்ன, எத்தனை விழுக்காடு என்று எழுதாத எதையும் ஒயினில் போடாதீர்கள்.

அடுத்த அறுவடைக்கு இரண்டு காரியங்கள். மலை இந்த நாற்றத்துக்கு மறைமுகமாக உதவும் ஒரே வழி நைட்ரஜன் பற்றாக்குறை. ஆழமில்லாத மண் கோடையில் காய்ந்தால் சாற்றில் ஈஸ்டுக்கான நைட்ரஜன் குறையும். பசித்த ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். பிழிந்த அன்றே சாற்றில் உள்ள அந்த நைட்ரஜனை அளக்கக் கொடுங்கள். லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு நொதித்த நேரத்தில் 100 லிட்டருக்கு 20 கிராம் டைஅம்மோனியம் பாஸ்பேட் என்ற நைட்ரஜன் உப்பைச் சேருங்கள். இதற்கு விதி அனுமதிக்கும் உச்ச அளவு 100 கிராம், அவ்வளவு தேவைப்படாது. நொதித்தல் முடியும் தறுவாயில் சேர்த்தால் ஈஸ்டால் அதை எடுத்துக்கொள்ள முடியாது, வீண்.

மற்றொன்று, சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் கந்தகம். அறுவடைக்கு ஐந்து வாரம் முன்பே கடைசித் தெளிப்பை முடித்துவிடுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் பறிப்பதென்றால் ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு கந்தகம் கிடையாது. பிழிந்த சாற்றைக் குளிர்ந்த இடத்தில் ஓர் இரவு தெளியவிட்டு, மேலே உள்ளதை மட்டும் நொதிக்க எடுங்கள். தோலில் மிஞ்சிய கந்தகத் தூள் அடியில் தங்கிவிடும்.