கர்ப்ப காலத்தில் களைப்போடு தினமும் நெடுந்தூரம் கார் ஓட்டி வேலைக்குச் செல்வதை எப்படிச் சமாளித்தீர்கள்?

ஐந்தாம் மாதத்தில் இருக்கும் நீங்கள், போக வர மூன்று மணி நேரம் தனியாகக் கார் ஓட்ட வேண்டியிருப்பதாகவும், வழியில் கண் சொக்குவதை என்ன செய்து சமாளிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2022-இல் தலைச்சன் பிள்ளையைச் சுமந்தபோது எனக்கும் இதே நிலைதான். வீடு அம்பத்தூரில், அலுவலகம் சிறுசேரியில். சென்னை புறவழிச்சாலையில் பெருங்களத்தூர் வரை வந்து, வண்டலூரில் திரும்பி, மாம்பாக்கம், கேளம்பாக்கம் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தூரத்தைவிட மாம்பாக்கம் பக்கத்து நெரிசல்தான் நேரத்தைத் தின்றது.

தூக்கத்தைச் சமாளித்துக்கொண்டு ஓட்டுவதற்கு வழி எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருப்பதாக நம்பித்தான் மூன்று மாதங்களைக் கழித்தேன். மசக்கையைவிட அசதியே என்னை அதிகம் வாட்டியது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏறுவதால் வரும் இந்த அசதிக்கு முந்தைய இரவு எட்டு மணி நேரம் தூங்கியிருந்தாலும் கணக்கில்லை. ஏசியை முகத்துக்கு நேராகத் திருப்பினேன். பாட்டைச் சத்தமாக வைத்தேன். புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டேன். இத்தனையும் செய்திருந்த ஒரு மாலையில், போரூர் ஏரியை ஒட்டிப் புறவழிச்சாலை செல்லும் இடத்தில், தொலைவில் போய்க்கொண்டிருந்த கன்டெய்னர் லாரியின் சிவப்பு விளக்குகள் திடீரென்று கண்ணெதிரே நின்றன. இடையில் கடந்துபோன சில நொடிகள் என் நினைவிலேயே இல்லை. பிரேக்கை மிதித்ததில் இடி எதுவும் நேரவில்லை என்றாலும், அடுத்து வந்த பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, கை நடுக்கம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கணவரை ஆட்டோவில் வரச்சொல்லி அவரையே ஓட்ட வைத்து வீடு சேர்ந்தேன்.

மறுநாள் மருத்துவரிடம் சொன்னபோது அவர் முதலில் எழுதிக்கொடுத்தது இரத்தப் பரிசோதனையைத்தான். கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்று கொள்வார்கள், எனக்கு 9.4 இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையை நான் தவறாமல் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அதன் பின்னாலேயே ஒரு டம்ளர் தேநீரையும் குடித்துக்கொண்டிருந்தேன். தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது என்பது அன்றுதான் தெரிந்தது. மாத்திரையை இரவுக்கு மாற்றி, எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொண்ட பிறகு, ஒன்றரை மாதத்தில் வேறு ஆளாகிவிட்டதைப் போல உணர்ந்தேன். உங்கள் களைப்பை மாதமாயிருப்பதன் கணக்கிலேயே எழுதிவிடாமல், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தபடியாக, ஓட்டும் நாட்களைக் குறைத்தேன். மேலாளரிடம் கேட்கத் தயங்கியே பல வாரங்களை வீணாக்கியிருந்தேன். சலுகை கேட்கிறாள் என்ற பேச்சு வருமோ என்ற கூச்சம். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் கர்ப்ப காலத்திலேயே வீட்டிலிருந்து வேலை செய்யும் உரிமையைத் தருவதாக அப்போது பலர் நினைத்தார்கள். அந்தத் திருத்தம் சொன்னது விடுப்பு முடிந்த பிறகான காலத்தைப் பற்றி, அதுவும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால். ஆகவே நான் உரிமை பேசாமல், நடந்ததை நடந்தபடி எழுதி, மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து அனுப்பினேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம், அந்நாட்களிலும் காலை ஏழு முதல் மூன்று வரை என்று ஒரே வாரத்தில் முடிவாயிற்று. ஆறு மணிக்குள் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும். மாலை நெரிசலுக்கு முன்பே வீடும் திரும்பிவிடலாம்.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை யாருக்குமே உடல் சற்றுத் தளரும் நேரம். எனவே கிளம்புவதற்கு முன் பெண்கள் ஓய்வறையில் 20 நிமிடம் இடப்பக்கமாகப் படுத்துத் தூங்கி, எழுந்து முகம் கழுவி, மேலும் கால் மணி நேரம் கழித்தே சாவியைக் கையில் எடுப்பேன். அந்தக் கால் மணி நேரம் முக்கியம், தூங்கி எழுந்த மந்தம் விலக அவ்வளவு ஆகும். காபி நாளைக்கு ஒன்றுதான். காஃபின் 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது மருத்துவர் சொன்ன அளவு.

சீட் பெல்ட் வயிற்றை அழுத்தும் என்று சொல்லி அதைத் தவிர்க்கச் சொன்னார் என் மாமியார். தவிர்க்கவே கூடாது. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும். வழியில் ஒருமுறை கட்டாயம் இறங்கி நடந்துவிடுங்கள்: கர்ப்ப காலத்தில் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல், சிறுநீரை அடக்கினால் தொற்று வரலாம். சுத்தமான கழிப்பறை உள்ள பங்க் எது என்று நான் ஒரு பட்டியலே வைத்திருந்தேன்.

வண்டி லேசாக எங்காவது மோதினாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மோதிய அதிர்ச்சியில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்திருந்தாலும் அது உடனே வெளியில் தெரியாமல் போகலாம். இரத்தப்போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்கல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கும் நாளில் ஓட்டவே வேண்டாம்.

வளைகாப்பு முடிந்து சில வாரங்களில், இருக்கையை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் அந்த ஒரு சாண் இடைவெளி கிடைக்கவில்லை. அதற்கு மேலும் தள்ளினால் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டு, பேறுகாலத்துக்கு முன் எடுக்க அனுமதியுள்ள எட்டு வார விடுப்புக்கு விண்ணப்பித்தேன்.