பொலிரோவில் இடுக்கி மலைப் பயணம்: எதை மாற்றலாம், எந்த வாக்கி டாக்கி வாங்கலாம்?

கேள்வி சுருக்கமாக: கம்பத்தில் இருந்து மூன்று வண்டிகள், அதில் ஒன்று பொலிரோ. கம்பம்மெட்டு ஏறி, கட்டப்பனை, மூணாறு, மறையூர், சின்னாறு வழியாக உடுமலையில் இறங்க வேண்டும். இரண்டு இரவு. பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர், கூரைக் கேரியர், இரண்டாவது பேட்டரி, ஐந்து வாட் வாக்கி டாக்கி. இதில் எது தேவை?

பம்பரை முதலில் பட்டியலில் இருந்து நீக்கிவிடுங்கள். கிராஷ் கார்டு, புல் பார் என்று விற்கும் இந்த இரும்பு பம்பர்கள் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் வேகத்தை உள்வாங்க வேண்டிய பகுதிக்கு முன்னால் இரும்பு நின்றால் அடி நேராகச் சேசிஸுக்குப் போகும். ஏர்பேக் சென்சாரும் ஏமாறும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதும் கேரளத்தில் இருந்து போன வழக்கில்தான். மோட்டார் வாகனச் சட்டம் 182A(4)படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேரள மோட்டார் வாகனத் துறை இதில் கண்டிப்பு. வெளியே தெரியாத வேலைகளில்தான் பயணத்துக்கு உண்மையான பலன் என்பதால் இதில் பெரிய நஷ்டமும் இல்லை.

டயர். பக்கவாட்டில் 215/75 ஆர்15 என்று இருந்தால் அதன் விட்டம் சுமார் 703 மி.மீ. பலரும் போடச் சொல்லும் 235/75 ஆர்15இன் விட்டம் 733. இதனால் தரை இடைவெளி கூடுவது பாதிதான், 15 மி.மீ. அதற்குக் கொடுக்கும் விலை: நான்கு சதவீதம் இழுவை குறையும், கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் ஏறிய வண்டி முதல் கியர் கேட்கும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே உரசலாம். அதே அளவில் நல்ல ஆல் டெரெய்ன் (தார், மண், கல் எல்லாவற்றுக்குமான) டயர் போடுங்கள், ஸ்டெப்னியும் அதே அளவில். காற்றழுத்தம், கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் முழுப் பாரத்துக்குப் போட்டிருக்கும் அளவுப்படி. எஸ்டேட் கல் பாதையில் 25 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்றாவிட்டால் பக்கச்சுவர் சூடாகி டயர் கெடும். அதனால் சின்ன கம்ப்ரசர் ஒன்று வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் 150 பிஎஸ்ஐயைப் பார்த்து ஏமாறாதீர்கள், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். பெரிய கம்ப்ரசரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டினால் ஃபியூஸ் போகும். பேட்டரியில் நேராகக் கிளிப் போடும் வகைதான் சரி.

அடுத்தது எடை. முழுப் பார எடையில் இருந்து வெறும் வண்டி எடையைக் கழியுங்கள் (இரண்டும் ஆர்சியில் இருக்கும்). மிச்சம் இருப்பதுதான் ஆட்களுக்கும் சாமானுக்கும். ஐந்து பேருக்கு 350 கிலோ, தண்ணீர் 40, கூடாரம், அடுப்பு, பெட்டி எல்லாம் போட்டால் மிச்சம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். கனமானதைக் கூரையில் ஏற்றவே கூடாது. வளைவில் வண்டி சாய்வது கூரையில் இருக்கும் 60 கிலோவால்தான், தரையில் இருக்கும் 60 கிலோவால் அல்ல. பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது எப்போதும் பாரம் ஏற்றுகிறவர்களுக்குச் சரி. வருஷத்துக்கு நாலு தடவை போகிறவருக்கு மீதி நாளெல்லாம் காலி வண்டி பின்னால் குதிக்கும்.

புறப்படும் முன் பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டதா பாருங்கள். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மலை இறங்கும்போது சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, மிதித்த பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இறக்கத்தில் இரண்டாம் கியர், தேவைப்பட்டால் முதல் கியர். நியூட்ரல் கூடவே கூடாது. கருகல் வாசம் வந்தால் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மழைக்காலத்தில் ஓடை கடப்பதாக இருந்தால் ஸ்நோர்கெலைவிட (எஞ்சினுக்கு உயரத்தில் இருந்து காற்று எடுக்கும் குழாய்) முக்கியமானது ஆக்சில் பிரீதர் குழாய், அதாவது ஆக்சில் மூச்சு விடும் குழாய். சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை இழுத்துவிடும். ஆயில் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் அதுதான் காரணம். குழாயை நீட்டி எஞ்சின் பக்கம் உயரத்தில் கட்ட ஆகும் செலவு மிகச் சொற்பம்.

இரண்டாவது பேட்டரி ஃபிரிட்ஜுக்காக என்றால் கணக்கு இது: 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது நாலைந்து ஆம்பியர் இழுக்கும், நாளில் பாதி நேரம் ஓடினால் 50 ஆம்பியர் மணிக்கு மேல். லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரில் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) நேராகக் கோர்த்தால் ஆல்டர்னேட்டர் தாங்காத அளவுக்கு இழுக்கும். நடுவில் அந்த இழுவையைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மி.மீ. ஒயரில் 20 ஆம்பியர் போனால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே தொலையும். 10 சதுர மி.மீ. போடுங்கள். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் பக்கம் வைத்தால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது எதையும் காப்பாற்றாது. இரண்டு இரவுக்கு என் யோசனை: ஐஸ் பெட்டி போதும்.

இனி வாக்கி டாக்கி. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஐந்து வாட் சீன செட் 136-174, 400-520 மெகாஹெர்ட்ஸ் முழுவதிலும் அனுப்பும். காவல்துறை, வனத்துறை வயர்லெஸ் எல்லாம் அதற்குள் வரும். ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் இல்லாமல் அதை வைத்திருந்தால் செக்போஸ்டில் வம்பு. உரிமம் இருந்தாலும் ஹாமுக்கு உரிய 144-146, 434-438இல்தான் பேசலாம். உரிமம் தேவையில்லாத பட்டை 446.0-446.2 மெகாஹெர்ட்ஸ், 2018 விதிப்படி அரை வாட் வரை. கடைக்காரரிடம் ஈடிஏ (அந்த மாடலுக்கு அரசு தரும் ஒப்புதல்) சான்று எண் கேளுங்கள். இல்லை என்றால் வாங்காதீர்கள். சான்றின் நகலை வண்டியில் வையுங்கள்.

அரை வாட் போதுமா? மலை குறுக்கே நின்றால் ஐந்து வாட்டும் பெரிதாக உதவாது, இந்த அலைவரிசை பாறையைத் தாண்டி வளையாது. ஒரே சரிவில் மேலும் கீழும் இருந்தால் அரை வாட்டே ஒன்றிரண்டு கிலோமீட்டர் பேசும். கொண்டை ஊசிகளில் வண்டிகளுக்கு நடுவே 300 மீட்டருக்கு மேல் விடாமல் போனால் தொடர்பு அறுபடாது. பெட்டியில் அச்சிட்ட 'பத்து கிலோமீட்டர்' என்பது மலை உச்சியில் நின்று பேசும் கணக்கு. வண்டியின் தகரம் அலையைத் தடுக்கும் என்பதால் செட்டை டாஷ்போர்டுக்குள் போடாமல் கண்ணாடி ஓரமாகப் பிடிக்க வேண்டும். சிபி எனும் 27 மெகாஹெர்ட்ஸ் பொதுமக்கள் வானொலியின் அலை மேட்டில் கொஞ்சம் வளைந்து போகும்தான். ஆனால் அதற்கு முழு ஆண்டெனா என்றால் 2.7 மீட்டர் நீளம்; கையடக்க செட்டின் குட்டி ஆண்டெனாவில் சக்தியில் பெரும்பங்கு வீண். மலிவான யுஎஸ்பி சார்ஜரும் எல்இடி விளக்கும் போடும் இரைச்சல் அதில் தெளிவாகக் கேட்கும்.

மூன்று வண்டிக்கும் ஒரே மாடல் வாங்குங்கள். மற்றவர் பேச்சை வடிகட்ட செட் சேர்த்து அனுப்பும் டோனின் எண்தான் கோட்; ஒரு கம்பெனியில் 'கோட் 9' என்பது இன்னொன்றில் வேறு டோனாக இருக்கலாம். வேறு வேறு செட் என்றால் 'கோட்' வசதியை அணைத்துவிட்டுச் சேனலை மட்டும் பொருத்துங்கள். கோட் போட்டால் பேச்சு ரகசியம் ஆகிவிடாது, மற்றவர் பேசுவது நம் காதில் விழாமல் போகும், அவ்வளவுதான். பட்டனை அமுக்கி அரை நொடி கழித்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் 'நிறுத்தாதே' என்பதில் முதல் எழுத்துப் போய்விடும். ஓட்டுகிறவர் கையில் செட் கூடாது, போனைப் போல இதுவும் மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் வரும். பக்கத்துச் சீட்டுக்காரர் பேசட்டும். முன்வண்டி 'பஸ் வருது', 'ஆனை நிக்குது' என்று சொல்ல, கடைசி வண்டி 'வளைவு தாண்டியாச்சு' என்று சொன்னால் போதும். சின்னாறு காட்டுக்குள் அதற்கு மேல் பேச்சு வேண்டாம். பென்டார்ச் செல்லும் போடக்கூடிய மாடல் நல்லது, செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சிக்னல் இல்லை என்று சாட்டிலைட் போன் யாரிடமாவது இரவல் வாங்கி வராதீர்கள்; தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.