வாசகர் கேள்வி பதில்: ‘திடீர்னு குறுக்க வந்துட்டாங்க’

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டையில இருந்து தென்மலைக்கு தினமும் பைக்லதான் வேலைக்குப் போறேன். 50 தாண்ட மாட்டேன். ஆனாலும் போன மாசம் ரெண்டு தடவ விழப் பாத்தேன். ஒரு தடவ ஸ்டாப்புல நின்ன பஸ்சுக்கு முன்னால இருந்து ஒரு அம்மா திடீர்னு குறுக்க வந்துட்டாங்க, இன்னொரு தடவ கோட்டைவாசல் பக்கம் வளைவுல பின்வீல் வழுக்கிருச்சு. இதையெல்லாம் எப்படி முன்னாடியே தெரிஞ்சுக்கிறது?
- ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: தம்பி, உங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் ஒண்ணும் ஆகலைங்கிறதே பெரிய நிம்மதி. ஆனா ‘திடீர்னு’ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன். பஸ் நின்னா ஆள் இறங்கும், இறங்குன ஆளுல ஒருத்தராவது ரோட்டைத் தாண்டும், அப்போ அந்த அம்மா வரப்போறாங்கன்னு பஸ் உங்களுக்கு முன்னாடியே சொல்லிருச்சு. தூரத்துல வரும்போதே பஸ்சுக்கு அடியில பாருங்க, முன்டயர் பக்கம் கால் தெரியும். 50ல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர், ஒரு பஸ் நீளத்துக்கும் மேல. கண்ணு பாத்து கை பிரேக்கைப் பிடிக்கவே அந்த ஒரு செகண்ட் போயிரும், வண்டி நிக்கிற தூரம் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும். அதனால நிக்கிற பஸ்சைப் பாத்ததும் 30க்கு இறக்கி ரெண்டு விரலை பிரேக் லீவர் மேல வச்சுக்கோங்க. 50ல பிரேக் பிடிச்சு நிக்கிற தூரத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான் 30ல வரும்.

வழுக்குனதுக்கு வர்றேன். புளியரை எஸ் வளைவுல ஆரம்பிச்சு மேல ஆரியங்காவு வரைக்கும் லோடு லாரி ஓயாம ஏறுற ரோடு அது, மணல் கொட்டும், ஜல்லி சிதறும், டேங்க் நெறைய அடிச்ச லாரின்னா வளைவுல டீசலும் சிந்தும். டீசல் வாசனை மூக்குல ஏறுனா அடுத்த வளைவுக்கு முன்னாடியே நேர் ரோட்டுல வேகத்தைக் குறைச்சிரணும், சாஞ்சுக்கிட்டு இருக்கும்போது பிரேக்ல கை வைக்கக் கூடாது. சாரல் விழ ஆரம்பிச்ச முதல் கொஞ்ச நேரம்தான் ரொம்ப மோசம், தூசியும் ஆயிலும் தண்ணியோட சேந்து கொழகொழன்னு ஆயிரும். வெயில் வந்தப்புறமும் மரநிழல்ல ஈரம் காயாது, வெளிச்சத்துல இருந்து நிழலுக்குள்ள போறப்ப கண்ணுக்கும் அது தெரியாது. அதனால நிழலைப் பாத்தா ஈரம்னே நெனச்சு ஓட்டுங்க. ரப்பர் மரம் இலை கொட்டுற டிசம்பர், ஜனவரியில ரோட்டோரத்துல கிடக்கிற சருகும் அப்படித்தான், அடியில குழி இருக்கா ஜல்லி இருக்கான்னு தெரியாது.

வளைவுல கண்ணுக்கு எவ்வளவு தூரம் ரோடு தெரியுதோ அதுக்குள்ள நிறுத்த முடியுற வேகம்தான் உங்க வேகம், மீட்டர்ல என்ன காட்டுதுங்கிறது இல்ல. வலது பக்கம் திரும்பும்போது இன்னொண்ணு, டயர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் சாயும்போது உங்க தலை அந்தப் பக்கம் போயிரும், எதிர்ல வைக்கோல் லாரி வந்தா நெனச்சுப் பாருங்க. இதை எங்க ஊருல யாரும் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதே இல்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

கழுதுருட்டி பதிமூணு கண்ணு பாலத்துக்கிட்ட போட்டோ எடுக்க கார் ஓரங்கட்டி நிக்கும். இண்டிகேட்டரை நம்பாதீங்க, முன்வீல் திரும்புதான்னு பாருங்க. உள்ள தலை தெரிஞ்சா கதவு திறக்கும்னு வச்சுக்கிட்டு ஒரு கதவு அகலம் தள்ளியே போங்க. சபரிமலை சீசன்ல ராத்திரி பூரா ஓட்டிட்டு வர்ற வேன் நெறைய வரும், ரோட்டுல போட்ட கோட்டை விட்டு வேன் லேசா அலைஞ்சா டிரைவர் கண்ணு சொருகுதுன்னு அர்த்தம், பக்கத்துல போகாம பின்னாலயே விலகி இருங்க.

கேள்வி: என்னோடது 150 சிசி, ஏபிஎஸ் இருக்கு. மழையில பயமில்லாம ஓட்டலாம்ல?
- ஒரு வாசகர், புளியரை

பதில்: 125 சிசிக்கு மேல இருக்கிற வண்டிக்கு 2019 ஏப்ரல்ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம், நல்ல விஷயம்தான். ஆனா அது பிரேக் பிடிக்கும்போது வீல் லாக் ஆகாம பாத்துக்கும், அவ்வளவுதான், ரோட்டுல இல்லாத பிடியைக் கொண்டுவராது. சிங்கிள் சேனல்னா முன்வீலுக்கு மட்டும்தான். பின் டயரை ஒரு தடவ குனிஞ்சு பாருங்க, ரோட்டைப் பிடிக்கிற பட்டன் தேஞ்சிருந்தா சாரலுக்கு முன்னாடியே மாத்திருங்க.