மணிக்கட்டை மடக்குவது எந்தத் தசை?

மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மடக்கும் வேலை முன்கைத் தசைகளுடையது. முக்கியமானவை மூன்று, மூன்றும் முழங்கையின் உட்பக்க எலும்பு முண்டிலிருந்து கிளம்புகின்றன. ஃப்ளெக்சர் கார்பி ரேடியாலிஸ் கட்டைவிரல் பக்கமாகவும், ஃப்ளெக்சர் கார்பி அல்நாரிஸ் சுண்டுவிரல் பக்கமாகவும் சாய்த்து இழுக்கும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் கை நேராக மடங்கும்.

மூன்றாவதான பால்மாரிஸ் லாங்கஸ்தான் வேடிக்கையானது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டவைத்து மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி நாண் புடைக்கிறதா? அதுதான். புடைக்கவில்லையா, கவலை வேண்டாம். சிலருக்குப் பிறவியிலேயே அது கிடையாது. இருப்பவர்களிடமிருந்தும் அறுவை மருத்துவர்கள் வேறிடத்தில் ஒட்டுப்போட அந்த நாணை எடுப்பதுண்டு.

அப்புறம், விரல்களை மடக்கும் தசைகளும் மணிக்கட்டைக் கடந்தே போவதால் கொஞ்சம் கைகொடுக்கும். மணிக்கட்டை முழுக்க மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், சரியாக இறுகாது. அந்தத் தசைகள் ஏற்கெனவே சுருங்கிவிட்டன, மேலும் இழுக்க நீளமில்லை.