மூணு நாள் கடற்கரை ட்ரிப்: முதல்ல கடலோட டைம்டேபிள், அப்புறம்தான் ஹோட்டல் லிஸ்ட்

கேள்வி: லீவுல மூணு நாள் குடும்பமா ஒரு கடற்கரை ஊருக்கு போறோம். பையனுக்கு 11 வயசு, பொண்ணுக்கு 4. மாமியாருக்கு 70 தாண்டிடுச்சு, முழங்கால் வலி உண்டு, அவங்க சைவம், நாங்க எல்லாரும் மீன் விரும்பி சாப்பிடுவோம். போன தடவை இந்த மாதிரி போனப்ப மத்தியானம் பூரா வெயில்ல அலைஞ்சு, பசியோட ஹோட்டல் தேடி, சாயங்காலம் எல்லாரும் ஆளுக்கொரு மூலைல உம்முனு உக்காந்திருந்தோம். இந்த தடவை என்ன பண்ணலாம், எங்க சாப்பிடலாம்?

பதில்: பாக்க வேண்டிய இடம்னு லிஸ்ட் எந்த ஊருக்கும் ஈஸியா கிடைச்சிடும், அதனால அதை விட்டுடறேன். குடும்பங்களுக்கு கடலோர ட்ரிப் பிளான் போட்டுக் கொடுக்குற வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், பெரும்பாலும் ட்ரிப் கெட்டுப்போறது நேரத்தாலதான். அதே கடற்கரை காலைல 7 மணிக்கு வேற, மத்தியானம் 1 மணிக்கு வேற. உங்களுக்கும் போன தடவை நடந்தது அதுதான்.

ரூம் புக் பண்ணினதும் அந்த ஊரோட டைட் டேபிளை எடுத்து வச்சுக்கோங்க, போன்லயே கிடைக்கும், கடல் எப்ப ஏறும் எப்ப வத்தும்னு நாள்வாரியா இருக்கும். பெரும்பாலான கடற்கரைல ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம், ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் நடுவுல சுமார் 12 மணி 25 நிமிஷம். அதாவது முதல் நாள் காலை 7 மணிக்கு தண்ணி வத்துனா மறுநாள் 7.50 வாக்குல, மூணாம் நாள் 8.40 வாக்குல. அமாவாசை பௌர்ணமியை ஒட்டின நாள்ல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் அதிகமா இருக்கும், அப்ப வத்துற நேரத்துல கடல் நல்லா உள்வாங்கி, மத்த நாள்ல தண்ணிக்குள்ள இருக்குற பாறையெல்லாம் வெளிய தெரியும். சில ஊர்ல ஒரே ஒரு ஏத்த வத்தம்தான், சில ஊர்ல வித்தியாசமே ஒரு அடி ரெண்டு அடிதான், அதையும் டேபிளே சொல்லிடும்.

உங்க மாமியாருக்கு இதுல ஒரு லாபம் இருக்கு. காய்ஞ்ச மணல்ல கால் புதையும், முழங்கால் வலி இருக்கவங்க பத்து அடி கூட நடக்க முடியாது. ஆனா தண்ணி வத்தினப்ப அலை தொட்டுட்டு போன ஈர மணல் இறுகி கிட்டத்தட்ட சிமெண்ட் தரை மாதிரி இருக்கும், பெரியவங்க கையை பிடிச்சுக்கிட்டு தாராளமா நடக்கலாம். மரப்பலகை பாதை தண்ணி ஓரம் வரைக்கும் போட்டிருக்க பீச், பெரிய டயர் வச்ச பீச் வீல்சேர் தர்ற பீச் எல்லாம் நிறைய நாடுகள்ல இருக்கு, ரூம் புக் பண்றப்பவே கேட்டுடுங்க.

பையனுக்கும் பொண்ணுக்கும் நான் சொல்ற முதல் வேலை பாறைக்குட்டை. தண்ணி வத்தினப்ப பாறை இடுக்குல தேங்கி நிக்கிற சின்ன குட்டை இருக்கே, ஒரு அஞ்சு நிமிஷம் அசையாம பக்கத்துல குந்தி உக்காருங்க, முதல்ல ஒண்ணுமே தெரியாது, அப்புறம் சங்கு ஒண்ணு மெதுவா நகரும், பாத்தா அது சங்கு இல்ல, உள்ள ஒரு முனிவன் நண்டு, வேற யாரோ விட்டுட்டு போன வீட்டை முதுகுல தூக்கிட்டு போகுது. அந்த நிமிஷம் நாலு வயசு குழந்தையோட முகத்தை பாக்கணும் நீங்க. வத்தம் உச்சத்துக்கு வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, தண்ணி திரும்ப ஏற ஆரம்பிச்சதும் கிளம்பிடுங்க. கல்லை புரட்டினா இருந்த மாதிரியே திருப்பி வைக்கணும், அடியில இருக்க உயிருக்கு அதுதான் கூரை. நட்சத்திர மீனை போட்டோக்காக வெளிய எடுக்க வேண்டாம். கோன் மாதிரி ஒரு பக்கம் கூம்பின, அழகா டிசைன் போட்ட சங்கு உயிரோட இருந்தா தொடவே தொடாதீங்க, வெப்பக்கடல்ல இருக்குற சில கூம்புச் சங்குக்கு ஆளைக் கொல்ற அளவுக்கு விஷம் உண்டு. காலுக்கு பின்னாடி வார் வச்ச செருப்பு வேணும், கருப்பா பாசி படிஞ்ச ஈரப்பாறை சோப்பு மாதிரி வழுக்கும்.

நேரத்தை பத்தி ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, ஒரு தடவை என் குடும்பத்தோடயே ஒரு பாறை முனையை சுத்தி அந்தப் பக்கம் இருக்க குட்டி பீச்சுக்கு போனோம், போறப்ப கணுக்கால் அளவுகூட தண்ணி இல்ல, ஒன்றரை மணி நேரம் கழிச்சு திரும்புறப்ப அதே இடத்துல என் இடுப்பு வரைக்கும் தண்ணி, அலை வேற அடிக்குது. பசங்களை தோள்ல தூக்கிக்கிட்டு மேல முள்ளுக்காடு வழியா ஏறித்தான் வந்தோம். அன்னைலேர்ந்து டேபிள் பாக்காம ஒரு பாறையையும் நான் தாண்டுறதில்ல.

இனி குளிக்கிறது. காவலர் இருக்க பீச்சை மட்டும் எடுங்க, அது கொஞ்சம் தூரமா இருந்தாலும் சரி. பல நாடுகள்ல மேல சிவப்பு கீழ மஞ்சள்னு கொடி ரெண்டு நட்டிருப்பாங்க, அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் குளிக்கணும், தனி சிவப்புன்னா ஆபத்து, ஊதா கொடின்னா கொட்டுற கடல் உயிர் இருக்குன்னு அர்த்தம். ஆனா கொடி முறை எல்லா ஊர்லயும் ஒண்ணு இல்ல, போனதும் காவலர்கிட்ட நேரா கேட்டுடுங்க, "இன்னைக்கு எந்தப் பக்கம் இழுக்குது"ன்னு. ரிப் கரண்ட்னு சொல்ற அந்த இழுவைதான் ஆளைக் கொல்றது, பாக்க பயங்கரமாவே இருக்காது, ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடையறப்ப நடுவுல ஒரு சந்து மட்டும் அமைதியா, கொஞ்சம் கருத்த நிறமா இருக்கும், புதுசா வர்றவங்க இங்கதான் அலை இல்லன்னு நேரா அதுல இறங்குவாங்க. வேகமான இழுவை நொடிக்கு 2.5 மீட்டர் வரைக்கும் போகும், ஒலிம்பிக் வீரரால கூட எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கிட்டா கரையை நோக்கி அடிச்சு களைச்சுப் போகாம மிதந்துக்கிட்டு கையைத் தூக்கி கூப்பிடணும், தெம்பு இருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும். இதை 11 வயசு பையனுக்கு மணல்ல குச்சியால படம் போட்டு காட்டுங்க, நல்லா புரிஞ்சுக்குவான். காத்தடைச்ச ரப்பர் வளையத்தை கடல்ல நம்பாதீங்க, காலைல காத்து பெரும்பாலும் நிலத்துலேர்ந்து கடலுக்கு வீசும், குழந்தையோட சேத்து இழுத்துட்டு போயிடும். பொண்ணு தண்ணில இருக்கப்ப ஒரு பெரியவங்க கை எட்டுற தூரத்துல இருக்கணும், போன் கையில இல்லாம. பெரிய மழை பெஞ்சா ஒண்ணு ரெண்டு நாள் கடல்ல இறங்க வேண்டாம், சாக்கடைத் தண்ணியெல்லாம் அங்கதான் வந்து சேரும்.

மணல்ல குழி தோண்டுறது எல்லா பசங்களுக்கும் பிடிக்கும், ஆனா குழி அவங்க முழங்காலுக்கு மேல ஆழமா போகக்கூடாது. மணல் சுவர் சொல்லாம கொள்ளாம சரியும், சரிஞ்ச மணலை கையால அள்ளி ஆளை வெளிய எடுக்குறது அவ்ளோ சுலபம் இல்ல. இதை நிறைய பேர் சொல்றதே இல்ல.

வெயிலுக்கு ஒரு சின்ன கணக்கு: உங்க நிழல் உங்களை விட குட்டையா இருந்தா பீச்சை விட்டு வந்துடுங்க. சுமாரா காலை 9, 10 மணிலேர்ந்து மத்தியானம் 3 மணி வாக்குல வரைக்கும் அப்படித்தான் இருக்கும், ஊருக்கும் சீசனுக்கும் தகுந்த மாதிரி கொஞ்சம் மாறும். குடைக்கு கீழதானே இருக்கோம்னு நினைக்காதீங்க, காய்ஞ்ச மணல் புற ஊதாக் கதிர்ல 15 சதவீதம், கடல் நுரை 25 சதவீதம் திருப்பி அடிக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சன்ஸ்கிரீன் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, குளிச்சு துவட்டினதும் மறுபடி.

போட் சவாரி இருந்தா காலைலயே முடிச்சிடுங்க. வெயில் ஏற ஏற நிலம் கடலை விட சீக்கிரம் சூடாகி, மேல போற காத்தோட இடத்தை நிரப்ப கடல்லேர்ந்து காத்து வரும், மத்தியானத்துக்கு மேல அது வலுத்து அலையும் கூடும், பொண்ணுக்கு குமட்டும். போட்ல நடுப்பகுதில உக்கார வச்சு தூரத்துல வானமும் கடலும் சேருற கோட்டை பாக்கச் சொல்லுங்க, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், குழந்தைக்கு குழந்தை சைஸ்லயே இருக்கணும், பெரிய சைஸ் போட்டா தண்ணில அது மட்டும் மேல வரும்.

இப்ப சாப்பாடு. போன தடவை சண்டைக்கு பாதி காரணம் பசின்னு உங்க எழுத்துலயே தெரியுது. கடல்ல குளிச்ச பசங்களுக்கு பசி திடீர்னு வரும், அதனால பீச்சுலேர்ந்து ஏறுன உடனே குடுக்க பையில பழமோ ரொட்டியோ கண்டிப்பா இருக்கட்டும். மத்தியான சாப்பாட்டுக்கு 11.45க்கே போய் உக்காந்துடுங்க, 1 மணிக்கு போனா கூட்டத்துல முக்கால் மணி நேரம் நிக்கணும்.

கடலை பாத்தமாதிரி இருக்க ஹோட்டல்ல பாதி காசு அந்த வியூவுக்குத்தான், அங்க ஒரு நாள் சாயங்காலம் டீயோ ஜூஸோ குடிக்க போங்க, சூரியன் மறையறதை பாருங்க, அதுக்கு அது சரியான இடம். மீன் சாப்பிட போட் வந்து இறங்குற துறைக்கு பக்கத்துல, ரெண்டு தெரு உள்ள, உள்ளூர் ஆளுங்க வரிசைல உக்காந்திருக்க கடையா பாருங்க. மெனு சின்னதா இருந்தா எனக்கு நம்பிக்கை கூடும், எண்பது ஐட்டம் போட்ட கடைல அத்தனையும் இன்னைக்கு பிடிச்சதா இருக்க முடியாது. உக்காந்ததும் மெனுவை தள்ளி வச்சுட்டு "இன்னைக்கு என்ன வந்துச்சு, காட்டுவீங்களா"ன்னு கேளுங்க. நல்ல கடைக்காரர் சந்தோஷமா தட்டுல எடுத்துட்டு வருவார். கண்ணு தெளிவா வெளிய பிதுங்கி இருக்கணும், குழி விழுந்து பால் மாதிரி வெளுத்திருந்தா பழசு. செவுளை தூக்கினா நல்ல சிவப்பு, விரலால அமுக்கினா பள்ளம் உடனே நிமிரணும், மோந்தா கடல் வாசனைதான் வரணும், அமோனியா நெடி வரக்கூடாது. கடல் கொந்தளிச்சு போட் போகாத நாள்ல ஐஸ்ல வச்சதுதான் இருக்கும், அதுல தப்பில்ல, மறைக்காம சொல்ற கடைல தைரியமா சாப்பிடலாம்.

விலை எடை கணக்குல போட்டிருந்தா ஆர்டருக்கு முன்னாடி மூணு கேள்வி: இந்த விலை நூறு கிராமுக்கா கிலோவுக்கா, எடை போடுறது முழு மீனா சுத்தம் பண்ணினதா, சமைக்கிற கூலி தனியா? எடையை உங்க கண்ணு முன்னாடி போடச் சொல்லுங்க. ஒரு ஊர்ல நூறு கிராம் விலையை கிலோ விலைன்னு நினைச்சுட்டு ரெண்டு மீன் சொல்லி, பில் வந்தப்ப மிச்சம் இருந்த ரெண்டு நாள் செலவும் அதுலயே போன குடும்பத்தை நான் பாத்திருக்கேன்.

உடம்புக்கு ஆகாத விஷயம் சிலது சொல்லிடறேன். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீனை ஐஸ் இல்லாம வச்சிருந்தா ஹிஸ்டமைன்னு அலர்ஜி மாதிரி தொல்லை தர்ற ஒரு பொருள் சேரும், எவ்ளோ கொதிக்க வச்சாலும் அது போகாது, வாய்ல வச்சதும் மிளகு மாதிரி சுருக்குன்னு இருந்தா துப்பிடுங்க, சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவந்து தலை வலிச்சா டாக்டர்கிட்ட போங்க. பவளப்பாறை இருக்க வெப்பக்கடல் ஊர்ல ரொம்ப பெரிய சீலா, களவா மீனை தவிர்க்கறது நல்லது, சிகுவடெராங்கற விஷம் அதுல சேரலாம், அதுவும் சமையல்ல அழியாது. பச்சையா சாப்பிடற ஆளி (ஆய்ஸ்டர்), சிப்பி பெரியவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் வேண்டாம், சர்க்கரையோ கல்லீரல் பிரச்சனையோ இருந்தா கண்டிப்பா வேண்டாம். பார்சலை பீச்சுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க, 32 டிகிரி தாண்டின வெயில்னா ஒரு மணி நேரம்தான்.

மாமியாருக்கு சைவம்னு சொன்னா போதாது, கடலோர ஹோட்டல்ல ஒரே எண்ணெய்லதான் மீனும் உருளைக்கிழங்கும் பொரிப்பாங்க, சூப் கூட மீன் வேகவச்ச தண்ணில இருக்கலாம். அதனால "தனி எண்ணெய், தனி சட்டி இருக்கா"ன்னு கேளுங்க. என் யோசனை, சின்ன கிச்சன் இருக்க ரூமா எடுங்க, காலை சாப்பாடு ரூம்லயே, அவங்களுக்கு பிடிச்ச மாதிரி. ஒரு நாள் விடியகாலைல பையனை கூட்டிட்டு நீங்களோ உங்க வீட்டுக்காரரோ மீன் இறங்குற துறைக்கு போங்க, வலையை உதறுறதும் ஏலம் போடுறதும் கணவாய் நிறம் மாறுறதும் அவனுக்கு எந்த மியூசியத்தையும் விட பெருசு. அங்கேயே வாங்கி ஐஸ் பெட்டில போட்டு ரூமுக்கு கொண்டு வந்துடலாம், அவங்களுக்கு சமைச்சு முடிச்சுட்டு அப்புறம் மீனை அடுப்புல ஏத்துங்க.

மத்தியானம் எல்லாரும் தூங்குங்க, தூங்காத பையனுக்கு கலங்கரை விளக்கமோ துறைமுகமோ அப்பாவோட. ராத்திரி ஒரு தடவை டார்ச்சுக்கு சிவப்பு கண்ணாடித்தாள் ஒட்டிக்கிட்டு மணல்ல நடந்து பாருங்க, நண்டு ஓடும். ஆமை முட்டை போட வர்ற சீசன்ல டார்ச்சே வேண்டாம், வெளிச்சம் பாத்தா முட்டை போடாம திரும்பிடும்.

கிளம்புற அன்னைக்கு காருக்குள்ள மணல் வராம இருக்க, ஒரு பாட்டில் நல்ல தண்ணி, ஒரு டப்பா சோளமாவு (கார்ன்ஃப்ளார்). கால் நல்லா காய்ஞ்சதும் மாவை தூவி தட்டினா ஒட்டின மணல் அப்படியே உதிர்ந்துடும். பொண்ணுக்கு முதல்ல பண்ணுங்க, அவதான் சீட்ல கால் வைப்பா.