சிங்கப்பூர் போக ஏஜெண்ட் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வி: நான், கணவர், மாமியார் மூவரும் டிசம்பரில் ஐந்து நாள் சிங்கப்பூர் போகிறோம். விசா, அரைவல் கார்டு, சிட்டி டூர் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்தால்தான் செய்து தருவேன் என்கிறார் ஏஜெண்ட். அரைவல் கார்டுக்கு மட்டும் தலைக்கு 2,000 ரூபாய். தனியாகப் போனால் செலவில் மாட்டிக்கொள்வீர்கள் என்று பயமுறுத்துகிறார். என்ன செய்யலாம்? – வாசகி, திருச்சி.

பதில்: அந்த 2,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அரைவல் கார்டு என்பது சிங்கப்பூரில் இறங்கும் முன் இணையத்தில் நிரப்பும் வருகைப் படிவம், விசா அல்ல. அது முழுக்க இலவசம். ஐசிஏ எனப்படும் சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே நிரப்பலாம். பாஸ்போர்ட்டும் விமான விவரமும் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை அனுப்ப முடியும். வெள்ளிக்கிழமை இறங்கினால் புதன்கிழமைக்கு முன் வழியே இல்லை. ஒரு மாதம் முன்பே "கார்டு போட்டாச்சு" என்று ஒருவர் சொன்னால் அது பொய். கூகுளில் தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்களிலும் கவனம் தேவை. அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கடைசிப் பக்கத்தில் பணம் கேட்கும். பணம் கேட்டால் மூடிவிடுங்கள்.

விசா அப்படியில்லை. இந்தியாவிலிருந்து சுற்றுலா போகிறவர் பொதுவாக நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, தூதரகம் அங்கீகரித்த ஏஜெண்ட் வழியாகத்தான் போக வேண்டும். அரசுக் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), அதற்குமேல் வாங்குவது ஏஜெண்டின் கூலி. இத்தனை நவீனமான அரசு, ஒரு சாதாரணக் குடும்பத்தைத் தானே விண்ணப்பிக்க விடாமல் இன்னொருவர் கையில் ஏன் ஒப்படைக்கிறது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. இந்த இடைத்தரகுக் கொள்ளைக்கெல்லாம் வாசல் அங்கேதான் திறக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு, திருச்சிக்காரர்கள் பலருக்கு அது பொருந்தும். உங்கள் சொந்தத்தில் யாராவது சிங்கப்பூர் குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்றவராக, 21 வயது நிரம்பியவராக இருந்தால், அவரே சிங்பாஸ் எனும் தன் அரசு இணையக் கணக்கில் நுழைந்து உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஏஜெண்டே வேண்டாம், 30 வெள்ளியோடு முடிந்தது. ஆனால் வேலை அனுமதியில் இருக்கும் தம்பியோ, படிக்கப் போன அக்கா மகளோ இதைச் செய்ய முடியாது. "எங்க பையன் அங்கதான் இருக்கான்" என்று சொல்வதற்கு முன் அவனிடம் எந்த அட்டை இருக்கிறது என்று கேளுங்கள். விசா யார் எடுத்துக் கொடுத்தாலும் சரி, அந்தத் தாள் உண்மையானதுதானா என்று ஐசிஏ தளத்தில் நீங்களே பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய சிட்டி டூர் தாளைப் பார்த்தேன். மெர்லயன் பூங்கா, கார்டன்ஸ் பை த பே, இரவு விளக்குக் காட்சி. மெர்லயன் சிலையைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. கார்டன்ஸில் கண்ணாடிக் கூடங்கள் போன்ற சிலவற்றுக்குத்தான் டிக்கெட், வெளித்தோட்டம் இலவசம். அங்கே சூப்பர்ட்ரீ எனும் ராட்சத செயற்கை மரங்களின் அடியில் இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் விளக்குக் காட்சியும் இலவசம். இலவசத்தைப் பட்டியலிட்டுக் காசு வாங்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

செலவு பயம் நியாயமானதுதான். அறை வாடகையைக் குறைக்க பெரிதாக வழியில்லை, சீக்கிரம் பதிவு செய்யுங்கள். சாப்பாட்டில் கவனமாக இருந்தால் போதும். உணவக மெனுவில் 20 என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி இருக்கும். 10 சதவீத சேவைக் கட்டணம், அதன் தலைமேல் 9 சதவீத ஜிஎஸ்டி என்று அர்த்தம். பில் 23.98 வெள்ளி வரும். சில இடங்களில் கேட்காமலே வைக்கும் கடலைக்கும் ஈர டிஷ்யூவுக்கும் காசு உண்டு; தொடாமல் திருப்பிக் கொடுங்கள். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைபோல உணவங்காடிக்குப் போனால் போட்ட விலைதான், தமிழிலேயே ஆர்டர் செய்யலாம்.

எம்ஆர்டி எனும் நகர ரயிலில் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையைத் தட்டியே போகலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒன்றை வைத்து மூவர் நுழைய முடியாது. வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே வங்கியில் திறந்து வையுங்கள். கடையில் மெஷின் "ரூபாயா, வெள்ளியா" என்று கேட்டால் வெள்ளியையே அழுத்துங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் உங்களுக்குத்தான் நஷ்டம்.

ஏஜெண்டிடம் விசாவுக்கு மட்டும் தனி ரசீது கேளுங்கள். தரமாட்டேன் என்றால், அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் தூதரகத் தளத்தில் இருக்கிறது, அதிலிருந்து வேறு ஒருவரைப் பிடியுங்கள்.